முன் அச்சு

மாயாண்டி சுண்ணக்கட்டியால் வண்டியின் சட்டத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டான். "இங்கதான் மச்சான் வெட்டணும்" என்றான், தையல்காரன் துணியைக் காட்டுகிற மாதிரி.

அந்தக் கையைப் பிடித்து முறுக்கிவிடலாம் போல இருந்தது எனக்கு. என் தங்கை செல்லாயியின் புருஷன் என்பதால் மட்டும் சிம்பாங் பூலாயில் இருக்கும் என் பட்டறைக்குள் அவன் நிற்கிறான். வேறு யாராவது என்றால் கயிறு கட்டி இழுத்து வந்த வண்டியை அப்படியே திருப்பி இழுத்துப் போகச் சொல்லியிருப்பேன்.

வண்டி ஜப்பான் பிக்கப். நாலு சக்கரமும் இழுக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஐப்போவில் ஒரு சீன முதலாளி, தவுக்கே, கடையில் பார்த்து மயங்கி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய லேண்ட்ரோவரைத் தள்ளிவிட்டு இதை வாங்கினான். கார் மாதிரி ஓடும், ஏர்கோன் இருக்கிறது என்று தோட்டத்தில் ஒவ்வொரு லயத்து வீட்டு வாசலிலும் நிறுத்திக் காட்டினான். இதில் முன்சக்கரங்கள் தனித்தனிக் கைகளில் தொங்குகின்றன. தார்ரோட்டுக்குச் சுகம். தோட்டத்துப் பள்ளத்துக்கு ஆகாது, பழசை விற்காதே என்று நான் சொன்னேன். யார் கேட்டது?

இப்போது அந்தக் கைகளை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரம் வரைக்கும் ஒரே கட்டையாக வரும் அச்சைப் போட வேண்டுமாம். அதே கம்பெனியின் பழைய மாடலிலிருந்து கழற்றிய அச்சு. மெங்லெம்பு ஊரில் ஒரு பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்திருந்தான். வேலை சின்ன வேலை இல்லை. கைகள் மாட்டியிருக்கும் இடங்களை கேஸ் வைத்து வெட்ட வேண்டும். அங்கே பட்டை ஸ்பிரிங்குக்குப் புதிதாகக் கொக்கி பற்றவைக்க வேண்டும். அச்சு உட்காரும் சாய்மானம் கொஞ்சம் தப்பினாலும் திருப்பிய ஸ்டீரிங் தானாகத் திரும்பி வராது. பிரேக் குழாய் நீளம் போதாது. அதைவிட முக்கியம், ஒரு தடவை வெட்டினால் வெட்டியதுதான். பழையபடி ஒட்டவைக்க யாராலும் முடியாது.

அச்சைத் தரையில் வைத்து அளப்பது சிரமம் என்று, பட்டறை ஓரத்தில் கிடந்த நீளமான இரும்புத் தகட்டின் மேல் ஏற்றியிருந்தோம். டிராக்டருக்குப் பின்னால் மாட்டி மண்ரோட்டைச் சுரண்டிச் சமன்படுத்துகிற தகடு அது. மாயாண்டி இருக்கும் தோட்டத்துக் கம்பெனியுடையது. விரிசல் விட்டதென்று போன வருஷம் லாரியில் கொண்டுவந்தார்கள். நானும் மாயாண்டியும் லாரி டிரைவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினோம். பற்றவைத்துச் சொல்லியும் அனுப்பிவிட்டேன். எடுத்துப்போக ஆள் வரவில்லை. அன்றிலிருந்து அது என் பட்டறைக்கு மேசை. சாமான் வைப்போம், தேநீர் கிளாஸ் வைப்போம், சீக்கிரம் வருகிறவன் அதன் மேலேயே உட்கார்ந்து பேப்பர் படிப்பான்.

"ரோடு டேக்ஸ் எடுக்கப் போனா ஆபீசர் அடியில குனிஞ்சி பாப்பாரு. வெட்டி ஒட்டுன வண்டிய ரோட்டுல விடமாட்டாங்க" என்றேன்.

"நான் பேசிக்கிறேன் மச்சான். முறைப்படி எழுதிக் குடுத்து, நாலு வாட்டி அலைஞ்சாவது பாஸ் வாங்கிருவேன். வண்டி ரெடியானதும் செல்லாயியக் கூட்டிட்டுப் போயிர்றேன்லா."

கூட்டிட்டுப் போகிறானாம். எனக்கு உச்சந்தலை சுட்டது.

செல்லாயிக்கு ஏழாம் மாதத்தில் நானும் என் பெண்டாட்டியும் சேலை, பலகாரம், வளையல் எல்லாம் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனோம். அப்பாவும் அம்மாவும் இல்லாத இடத்தில் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வரவேண்டியது அண்ணன். வளையல் போட்டு, எல்லாரும் சாப்பிட்டு முடித்து, புறப்படலாம் என்று எழுந்தபோது இவன் வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே, "எதுக்கு மச்சான் அலைச்சல்? நம்மகிட்டதான் வண்டி இருக்குல்ல. வலி வந்தா பத்துகாஜா டவுன் ஆஸ்பத்திரி அரை மணி நேரம்தான்" என்றான். லயத்து ஆட்கள் எல்லாரும் அந்தச் சாவியைப் பார்த்துத் தலையாட்டினார்கள். பேசினால் சண்டையாகிவிடும் என்று என் பெண்டாட்டி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். செல்லாயி வாசலில் நின்றாள். கட்டி வைத்திருந்த துணிப்பை அவள் கையிலேயே இருந்தது.

வலி வந்தது ஒரு விடியற்காலையில். முந்தின நாள் நல்ல மழை. பால் வெட்டும் கித்தா மரங்களை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை போட்ட புதுக் கம்பெனி, குலை ஏற்றும் பெரிய லாரிகளை விட்டு அந்த மண்ரோட்டை உழுதுபோட்டிருந்தது. மதகுக்குப் பக்கத்துப் பள்ளத்தில் இடது முன்சக்கரம் இறங்கியது, அதைத் தாங்கும் கை ஒடிந்தது, சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கிக்கொண்டது. பிள்ளை வண்டிச் சீட்டிலேயே பிறந்தது. பெண் பிள்ளை. அழவில்லை. பிறகு ஒரு குலை லாரி வந்து ஏற்றிக்கொண்டு போய், ஆஸ்பத்திரியில் தாயை மட்டும் காப்பாற்றினார்கள்.

அங்கிருந்து அவளை நேரே என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. மாயாண்டி வரும்போதெல்லாம் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவனும் அவளுக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் இந்த வண்டிக்குச் செய்துவிடலாம் என்று கிளம்பியிருந்தான்.

அவன்மேல் அவ்வளவு ஆத்திரம் இருந்தும் நானும் அளந்தேன். எனக்குக் காரணம் வேறு. இனி என் தங்கையை அந்த ரோட்டில் எவனாவது ஏற்றிக்கொண்டு போனால் சக்கரம் மடங்கக்கூடாது. அளந்து முடித்து, கேஸைத் திறந்து, நெருப்பைப் பற்றவைத்தேன்.

"அண்ணே, அத அணைங்க."

செல்லாயி பின்வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏழாம் மாதத்தில் போட்ட கண்ணாடி வளையல்களில் இரண்டு மூன்று இன்னும் கையில் இருந்தன. நான் நெருப்பை அணைத்தேன்.

"உள்ள போம்மா, ஒடம்பு தேறல" என்றான் மாயாண்டி.

"காலையிலேருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். கை ஒடஞ்சிருச்சு, கொழாய் பத்தல, சாய்மானம் சரியில்ல. வண்டி, வண்டி, வண்டி. ரோட்டப் பத்தி ஒரு பேச்சு வருதா ரெண்டு பேரு வாயிலயும்?"

"ரோடு கம்பெனியோடது. நாம என்ன பண்றது?"

"கேக்குறது."

"கேட்டா மானேஜர் வீட்டக் காலி பண்ணுன்னுவான். ஆள் ஏத்துற கன்ட்ராக்டும் போயிரும். அப்புறம் எங்க போய் இருக்கிறது?"

"இப்ப நான் எங்க இருக்கேன்?"

அவன் சட்டத்தில் போட்ட கோட்டைப் பார்த்தான்.

"இரும்புக் கடைத் தவுக்கேகிட்ட பேச வாய் இருக்கு. ஆபீசர்கிட்ட நாலு வாட்டி அலைஞ்சி பேச வாய் இருக்கு. அங்க மட்டும் வாய் இல்ல. கடைசி லயத்துக் காளியம்மாவுக்கு இது ஏழாம் மாசம். அவளும் அந்த ரோட்டுலதான் வரணும். அவளுக்கும் ஒரு அச்சு மாத்திக் குடுப்பீங்களா?"

நான் இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லா வாங்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். முகத்திலும் அது தெரிந்திருக்க வேண்டும்.

"நீங்க சந்தோசப்படாதீங்க அண்ணே. அச்ச எதுமேல வச்சிருக்கீங்கன்னு பாருங்க."

பார்த்தேன். அச்சுக்கு அடியில் அந்தத் தகடு. மாட்டியிருந்தால் ஒரே காலையில் அந்த ரோட்டைச் சமன்படுத்தியிருக்கும் தகடு. நான் போட்ட வெல்டிங், வரிவரியாக, ஒரு வருஷத் துருவோடு. இரண்டாம் தடவை ஆள் அனுப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கம்பெனி டிராக்டர்கள் எல்லாம் என் பட்டறைக்குத்தான் வருகின்றன. நச்சரித்தால் வேறு பட்டறைக்குப் போய்விடும். இதை அவளிடம் எப்படிச் சொல்வது? எனக்கு அவள்மேலேயே கோபம் வந்தது. வாயைத் திறந்தால் மாயாண்டி சொன்னதைத்தான் நானும் சொல்வேன் என்று தெரிந்தபோது அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"இத ஆபீஸ் வாசல்ல கொண்டுபோய்ப் போடணும்" என்றாள். "மானேஜர் காரு வெளிய வரமுடியாம குறுக்கால போடணும். அப்புறம் நான் பேசிக்கிறேன்."

யாரையும் எதிர்பார்க்காமல் அவளே போய்த் தகட்டின் ஒரு முனையைப் பிடித்தாள். அச்சு மேலேயே கிடக்கிறது, அவளுக்கு அது கண்ணில் படவில்லை. நான் சங்கிலிக் கப்பியை இழுத்து வந்து அச்சில் மாட்டினேன்.

"என்ன மச்சான் பண்றீங்க?" என்றான் மாயாண்டி.

சங்கிலியை இழுத்தேன். அச்சு மேலே எழும்பி ஓரமாக ஆடிக்கொண்டு நின்றது. என் சின்ன லாரியின் பின்கதவைத் திறந்து போட்டுவிட்டு வந்து, தகட்டின் மறு முனையைப் பிடித்தேன்.

"வேணாம் செல்லாயி, வயிறு புடிச்சிக்கும்" என்றேன். அவள் விடவில்லை.

தூக்கினோம். என் பக்கம் ஒரு சாண் எழும்பியது. அவள் பக்கம் தரையைச் சுரண்டிக்கொண்டு நகர்ந்து நின்றுவிட்டது. ஒரு வளையல் உடைந்து சிமெண்டில் விழுந்தது. அவள் மறுபடி குனிந்தாள். நான் தகட்டைக் கீழே வைக்காமல், அவளைத் தாண்டி மாயாண்டியைப் பார்த்தேன். அவன் கோடு போட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான், கையில் சுண்ணக்கட்டியோடு.