கீழே பனி

எண்பத்தெட்டாவது மாடியில் குடியிருக்கிறவர்களுக்குச் சிகாகோவின் வானிலை தெரியாது. ஏரியிலிருந்து மேகம் ஏறிவிட்டால் சன்னலில் வெள்ளைத் துணி போர்த்திய மாதிரிதான். குடை வேண்டுமா, கோட்டு வேண்டுமா என்று வாசலில் நிற்கும் டெல்ராய்க்குப் போன் போட்டுக் கேட்பார்கள். கதவைத் திறப்பதும் வானத்தைப் பார்த்துச் சொல்வதும் அவர் பிழைப்பு.

அதில் பொய்யும் சேர்ந்துகொண்டதை நினைத்தாலே அவருக்கு அலுப்பாக இருந்தது. எண்பத்தெட்டாவது மாடியில் தனியாக இருக்கும் மிஸஸ் வாலசெக்கின் மகன் ரஸ்ஸல், ஞாயிறுதோறும் மில்வாக்கியிலிருந்து காரில் மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக ஏற்பாடு. ஜனவரியில் ஒருநாள் அவன் வாசலுக்குப் போன் செய்து, "அம்மா கேட்டா கீழ பனி கொட்டுதுன்னு சொல்லிடுங்க, ப்ளீஸ்" என்றான். ஏதோ அவசரம், பாவம் என்று டெல்ராய் சொல்லித் தொலைத்தார். அதற்கப்புறம் பூமிக்கு வராத பனியெல்லாம் அவர் வாயிலிருந்துதான் கொட்டியது. வானம் தெளிந்த ஞாயிறுகளில் ரஸ்ஸலுக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

இப்போது ஏப்ரல். மேலே மேகம், கீழே தெரு காய்ந்து கிடந்தது. ரஸ்ஸல் காலையிலேயே சொல்லி வைத்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் மேலிருந்து போன் வந்தது.

"டெல்ராய், கீழ எப்படிப்பா இருக்கு?"

"பனிதான் மேடம். வண்டியெல்லாம் வழுக்குது."

"ஏப்ரல்லயுமா?"

"இந்த ஊரைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா?"

போனை வைத்துவிட்டு அப்பாடா என்று உட்கார்ந்தவர், லிஃப்ட் திறந்ததும் எழுந்தார். மிஸஸ் வாலசெக்! குளிர்காலம் முழுக்கக் கீழே இறங்காதவர். கையில் மூடி போட்ட பாத்திரம்.

"வெளிய போகாதீங்க மேடம், வழுக்கும்." பழக்கதோஷம், வாய் முந்திக்கொண்டது.

மிஸஸ் வாலசெக் கண்ணாடிக் கதவருகே போய் நின்றார். வெளியே கையில்லாத பனியனோடு ஒரு பெண் ஓட்டப் பயிற்சி செய்துகொண்டு போனாள்.

"அடேயப்பா, என்ன பனி!" என்றார் மிஸஸ் வாலசெக். "இதுல எப்படி என் பிள்ளை வண்டி ஓட்டிட்டு வருவான்?"

டெல்ராய் அவர் பக்கத்தில் வந்து நின்றார். "மன்னிச்சிடுங்க மேடம். இனிமே இதை நான்..."

"நீ நிறுத்திடுவேன்னு போன்ல உன் குரல்லயே தெரிஞ்சுது. அதான் இறங்கி வந்தேன்." பாத்திரத்தை டெல்ராயின் மேசையில் வைத்தார். "அவனுக்குன்னு செஞ்சது. ஆறிடும், சாப்பிடு. நிறுத்தாதேப்பா. நீ பனின்னு சொன்னாத்தான், அவன் வரணும்னு நினைச்சான்னு எனக்குத் தோணும்."

லிஃப்ட் வரை போனவர் திரும்பிப் பார்த்தார்.

"அடுத்த வாரம் வேணா மழைன்னு சொல்லேன். எத்தனை நாளைக்குத்தான் பனியே பெய்யும்?"