இடது பதினேழு

தான் ஒரு திமிங்கிலத்தைக் கொன்றுவிட்டதாக என் அக்கா மூன்று வருடங்களாக நம்பிக்கொண்டிருந்தாள். யாரும் அவளிடம் அப்படிச் சொல்லவில்லை. "அதெல்லாம் செத்திருக்காதுக்கா, எவ்வளவு பெரிய உடம்பு" என்று நான் ஆரம்பித்தால், "நீ பார்த்தியா?" என்பாள். பார்க்கவில்லை. அதற்கு மேல் என்ன பேசுவது?

நான் திமிங்கிலங்களைப் படம் பிடிக்கிறவள். சுவரில் மாட்டுகிற அழகான படங்கள் இல்லை. காவல் நிலையத்தில் நிற்க வைத்து எடுப்பார்களே, அந்த மாதிரி அடையாளப் படங்கள். எங்கள் கடலுக்கு வருகிற வகைக்கு விலா முழுக்க வெளிர்ப் புள்ளிகள் உண்டு. அந்தப் புள்ளிகள்தான் அதற்குக் கைரேகை. ஒன்றுக்கு இருப்பதுபோல் இன்னொன்றுக்கு இராது. தொல்லை என்னவென்றால், ஒரே திமிங்கிலத்துக்கே இடது விலாவில் இருப்பது வலது விலாவில் இராது. அதனால் ஆராய்ச்சி நிலையத்தில் இரண்டு பதிவேடுகள், வலது ஒன்று, இடது ஒன்று.

வருடத்தில் இரண்டு மாதம் அவை கரையோரமாக, கரை தங்களுக்கு வலது பக்கம் இருக்க, எப்போதும் ஒரே திசையில் போகும். திரும்பும்போது ஆழ்கடல் வழியாக யார் கண்ணிலும் படாமல் போய்விடும். படகுகள் கரைப் பக்கத்தில்தான் நிற்க வேண்டும், குறுக்கே வெட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போகக் கூடாது என்பது சட்டம். ஆக எல்லோருக்கும் கிடைப்பது வலது விலாதான். வலது பதிவேட்டில் நூற்றுச் சொச்சம் திமிங்கிலங்கள் இருந்தன. இடது பதிவேட்டில் பதினேழே பதினேழு.

அந்தப் பதினேழாவதை எடுத்தது நான். படகை ஓட்டியது அக்கா. அன்றைக்குச் சூரியன் நேராக என் லென்ஸுக்குள் அடித்தது. எடுத்ததெல்லாம் கறுப்பு நிழலாக விழுந்தது. எனக்குக் கோபம் வந்தால் சட்டமும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. "அந்தப் பக்கம் போக்கா! வெளிச்சம் அங்கதான் இருக்கு! போயேன்!" என்று கத்தினேன். அக்கா ஒரு விநாடி தயங்கிவிட்டுப் படகைத் திருப்பினாள். அந்தப் பக்கம் போய் நான்கு படம் எடுத்தேன், அருமையான நான்கு படம். அடுத்த விநாடி படகு ஒரு முழம் மேலே தூக்கிப் போடப்பட்டு விழுந்தது. மோட்டார் ஒரு மாதிரி உறுமி நின்றது. தண்ணீரில் ஒரு பாய் அகலத்துக்குச் சிவப்பு பரவியது.

அன்று மாலையே அக்கா தானாக நிலையத்துக்குப் போய், "குறுக்கே போனேன், இடித்துவிட்டேன்" என்று எழுதிக் கொடுத்தாள். யார் சொல்லிப் போனாள் என்று எழுதவில்லை. பக்கத்தில் நின்றுகொண்டிருந்த நானும் வாயைத் திறக்கவில்லை. எச்சரித்து அனுப்பினார்கள், அவ்வளவுதான். ஆனால் அக்கா அதற்குப் பிறகு படகில் கால் வைக்கவில்லை. படகுத்துறைக்குப் பக்கத்திலேயே ஒரு பட்டறை போட்டு மற்றவர்களுடைய மோட்டார்களைப் பழுது பார்க்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு பருவம் முடிந்ததும் பதிவேட்டைப் பார்த்துக்கொள்கிற கண்ணாடிக்காரருக்கு போன் போடுவாள். "இடது பதினேழு வந்துச்சா சார்?" "இல்லைம்மா." வைத்துவிடுவாள்.

"எப்படிக்கா வரும்? இடது பக்கத்தை எவன் எடுக்கறான்? வலதுல இருக்கற நூத்துல அது எதுவா வேணா இருக்கலாம்" என்பேன்.

"எதுவா இல்லாமயும் இருக்கலாம்" என்பாள்.

மூன்று பருவம் தொடர்ந்து கண்ணில் படாத திமிங்கிலத்தை "இறந்ததாகக் கொள்ளப்படுகிறது" என்று எழுதி மூடிவிடுவது நிலையத்தின் வழக்கம். இது மூன்றாவது பருவம். அதன் கடைசி நாளைத்தான் சொல்ல வருகிறேன்.

அன்று காலை என் படகோட்டி வரவில்லை. நாளெல்லாம் சேர்ந்து நாலு வார்த்தை பேசாத ஆள், அதனால் வானொலி என்று கூப்பிடுவோம். முதல் நாள் நங்கூரத்தைத் தூக்கும்போது அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நான் நேராகப் பட்டறைக்குப் போனேன். அக்கா ஒரு மோட்டாரைத் தலைகீழாக மாட்டி வைத்து அதன் வயிற்றுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இன்னிக்கு ஒரு நாள் வா."

"மாட்டேன்."

"கடைசி நாள்க்கா."

"எனக்குத் தெரியாதா கடைசி நாள்னு? போடி."

சரி, நானே ஓட்டிக்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டேன். எனக்குப் படகு ஓட்ட வராது என்பது துறையில் எல்லோருக்கும் தெரியும். முதலில் துறையின் கட்டையில் முட்டினேன். பின்னால் எடுக்கப் போய் பக்கத்துப் படகில் முட்டினேன். மூன்றாவது தடவை கயிற்றை அவிழ்க்காமலே வேகத்தைக் கூட்டினேன். மோட்டார் போட்ட சத்தத்தில் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். ஸ்பேனரோடு அக்கா ஓடி வந்தாள்.

"அடி பாவி! நிறுத்துடி! மோட்டாரைக் கொன்னுடாத!"

சொன்ன வார்த்தை அவளுக்கே சுருக்கென்றது. முகம் மாறிப்போனது. ஆனால் ஒரு காலைப் படகில் வைத்துவிட்டாள். ஒரு நல்ல மோட்டார் அவஸ்தைப்படுவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அடுத்த காலையும் வைத்தாள். "தள்ளு. ஓட்டறேன். ஆனா கிட்டல்லாம் போக மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

சொன்னபடியே செய்தாள். திமிங்கிலங்கள் போகிற பாதைக்கு இன்னும் இருநூறு மீட்டர் இருக்கும்போதே மோட்டாரை அணைத்துவிட்டாள். இரண்டு திமிங்கிலங்கள் தூரத்தில் மூச்சு விட்டுப் போயின. என் லென்ஸில் அவை எறும்பளவு தெரிந்தன.

"இன்னும் கொஞ்சம் கிட்டக்கா" என்றேன்.

"வாயைத் திறந்தேன்னா கடல்ல தள்ளிடுவேன்."

மூடிக்கொண்டேன். மூடிக்கொள்ளத்தான் வேண்டும், எனக்குச் சொல்ல எந்த யோக்கியதையும் இல்லை. ஒரு மணி நேரம் போனது. அக்கா கையிலிருந்த மோட்டார் எண்ணெயைத் துணியில் துடைத்தாள், மறுபடி துடைத்தாள். அப்போதுதான் மச்சக்காரி வந்தாள்.

வலது நாற்பத்தொன்றுக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் அது. வலது விலாவில் துடுப்புக்குப் பின்னால் ஓர் உள்ளங்கையளவு வெள்ளை மச்சம். படகு நின்றால் எட்டிப் பார்க்காமல் போகாது. அத்தனை வேடிக்கை பார்க்கிற சுபாவம். நாங்கள் கிட்டப் போகக் கூடாதுதான், ஆனால் மோட்டாரை அணைத்துவிட்டு நின்றால் அது வருவது அதன் இஷ்டம். பாதையிலிருந்து விலகி எங்களைப் பார்த்து நேராக வந்தது. புஸ்ஸென்று மூச்சு விட்டது. அழுகின முட்டைக்கோஸ் வாடை முகத்தில் அடித்தது.

அக்காவின் முகம் வெளிறிவிட்டது. கை மோட்டார் பக்கம் போனது.

"தொடாதே!" என்றேன். "அணைஞ்சே இருக்கட்டும். அணைஞ்சிருந்தா ஒண்ணும் ஆகாது."

வலது விலாவைக் காட்டிக்கொண்டு பத்து மீட்டரில் வந்து நின்றது. விடாமல் அழுத்தினேன். மச்சம், புள்ளிகள், கண்கூட விழுந்தது. பிறகு முதுகை வளைத்து மெல்ல எங்கள் படகுக்கு அடியில் நுழைந்தது. கீழே தண்ணீர் பச்சையிலிருந்து சாம்பலாக மாறியது. முடியவே முடியாததுபோல அந்தச் சாம்பல் நகர்ந்துகொண்டே இருந்தது. அக்கா என் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் பயம்தான், சும்மா சொல்லக் கூடாது. ஆனால் விரலை மட்டும் எடுக்கவில்லை.

கரைப் பக்கமாக வெளியே வந்தது. எங்களுக்கும் கரைக்கும் நடுவில், போன திசையிலேயே முகம் வைத்து. அப்படியென்றால் எங்களுக்குத் தெரிவது இடது விலா. மூன்று வருடத்தில் நான் பார்க்கிற முதல் இடது விலா! அதுவும் நாலு முழ தூரத்தில். லென்ஸில் பாதி உடம்புகூட அடங்கவில்லை. வெறும் தோலும் புள்ளியும்தான் தெரிந்தன. அந்தப் புள்ளிகளின் மேலே சாய்வாக நான்கு தழும்புகள், ஆறி வெளுத்து, ஒன்றுக்குப் பின் ஒன்றாக.

"என்னோடது" என்றாள் அக்கா.

"என்னது?"

"அந்த வெட்டு. என் புரொப்பெல்லர்டி அது. ரெண்டு வெட்டுக்கு நடுவுல எவ்வளவு தள்ளி இருக்குன்னு பாரு. மூணு வருஷமா மத்தவங்க மோட்டாரை மாட்டிக் கழட்டறேன், எது எந்த அளவுல வெட்டும்னு எனக்குத் தெரியாதா?"

"சும்மா இரு. ஊர்ல எத்தனை மோட்டார் ஓடுது" என்றேன். ஏமாந்துவிடுவோமோ என்று பயம். அவள் ஏமாந்தால் அவளைத் தாங்க என்னால் ஆகாது. திமிங்கிலம் இன்னொரு மூச்சு விட்டு, எங்களை நனைத்துவிட்டு, தன் வழியில் போய்விட்டது. அக்கா மோட்டாரைப் போட்டாள். கரைக்கு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வானொலியே தேவலாம்போல இருந்தது.

நிலையத்தின் பதிவேட்டு அறை ஒரு ஜன்னலும் இரண்டு அலமாரிகளும் உள்ள சின்ன அறை. கண்ணாடிக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்ன பிறகும் குடித்துக்கொண்டிருந்தார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்து, கையைத் துடைத்துக்கொண்டுதான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். திரையில் ஒரு பக்கம் என் பழைய நான்கு படங்களில் ஒன்று, இன்னொரு பக்கம் இன்று எடுத்தது. பென்சில் முனையால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டார், மறுபடி முதலிலிருந்து தொட்டார். அக்கா உட்காரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பன்னெண்டு புள்ளி ஒத்துப்போனா போதும்" என்றார். "இதுல இருபத்தி ரெண்டு ஒத்துப்போகுது. இதுதாம்மா. இடது பதினேழு. ஆள் நல்லா இருக்கா."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் மூச்சுதான் விட்டாள், நீளமாக. மூன்று வருடமாக அவள் முழுசாக மூச்சு விட்டதே இல்லையோ என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

கண்ணாடிக்காரர் படங்களை நேர வரிசையில் ஓட்டிப் பார்த்தார். வலது விலா உள்ளே போனதும் இடது விலா வெளியே வந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. "ரெண்டும் ஒரே ஆள்தானே? நடுவுல வேற எதுவும் வரலையே?" என்று கேட்டார்.

"நான் கண்ணைக்கூடச் சிமிட்டல சார்" என்றாள் அக்கா தரையிலிருந்தே.

"அப்போ இனிமே ரெண்டுக்கும் ஒரே எண்தான். வலது நாற்பத்தொண்ணு, இடது பதினேழு, எல்லாம் ஒண்ணு." அலமாரியிலிருந்து நாற்பத்தொன்றின் கோப்பை எடுத்துப் போட்டார்.

அக்கா எழுந்து அதைப் பிரித்தாள். கண்ட தேதி, இடம், படம் எடுத்தவர். அந்த விபத்துக்குப் பிறகு மட்டும் பதினோரு தடவை. பதினோரு தடவையும் எடுத்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. அதன் ஒரு பக்கத்தை நான் படம் எடுத்துவிட்டு, சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போய் சாப்பிட்டுவிட்டு, "கவலைப்படாதேக்கா" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். பதினோரு தடவை!

அக்கா தேதிகளை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். ஒன்றில் நிறுத்தினாள். "இந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கு. பெரிய அலை வந்து துறை மூடின மறுநாள். சோறு இறங்கல, நான் பாட்டுக்குப் பட்டறையில கதவைச் சாத்திட்டு அழுதுட்டு இருந்தேன்." அடுத்த தேதிக்குப் போனாள். "இதுக்கு மறுநாள் நம்ம தம்பி கல்யாணம். நான் போகல. தலைவலின்னு சொன்னேன்." அவள் குரல் ஏறியது. "நான் இங்க கிடந்து சாகறேன், இவ அங்க ஜாலியா மூச்சு விட்டுட்டுச் சுத்திட்டு இருந்திருக்கா! கிராதகி! ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்தப் பக்கம் திரும்பிக் காட்டியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கண்ணாடிக்காரரும் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

"அக்கா, அன்னிக்கு அந்தப் பக்கம் போன்னு சொன்னது நான்."

"தெரியும். காது என்ன அடைச்சா போச்சு? நீ கத்தின கத்து கரை வரைக்கும் கேட்டிருக்கும்."

"அப்புறம் ஏன்க்கா எழுதல? ஏன் ஒரு தடவைகூட என்னைக் கேக்கல?"

அக்கா கோப்பை மூடிக் கண்ணாடிக்காரரிடம் கொடுத்தாள்.

"மோட்டார் பிடி என் கையிலதானேடி இருந்துச்சு. அதோட, ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து அழுதா, எழுந்து போய் வேலையப் பாக்கறது யாரு? நீயாவது படம் எடுத்துட்டு இருன்னு விட்டேன்."

கண்ணாடிக்காரர் முன்னால், அத்தனை கோப்புகளுக்கு நடுவில், ஓவென்று அழுதுவிட்டேன். அக்கா எண்ணெய்க் கையாலேயே என் தலையைத் தன் தோளில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"அழுதுக்கோ" என்றாள். "இப்ப தாராளமா அழலாம். அவதான் உயிரோட இருக்காளே."