இஞ்சின் போன திசை

1

இந்தக் கதை மழைக்கு ஒதுங்கியதில் கிடைத்தது. சிங்கப்பூருக்கு வடக்கே, பெக்கான் நானாஸ் என்ற ஊரில் அன்னாசி வாங்க இறங்கினேன், மழை பிடித்துக்கொண்டது. லியாக்கத் அலியின் சாப்பாட்டுக் கடையில் நின்றபோது, பின்புறப் புதருக்குள் ஒரு பெரிய இரும்பு உருளை தெரிந்தது. வயிற்றில் ஓட்டை. ஓட்டைக்குள் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"அது ரயிலோடது. அந்தக் காலத்துல மூவார்ல ஓடுச்சே சின்ன ரயிலு, அதோட இஞ்சின்" என்றார் அவர்.

உள்ளேயிருந்து அவர் மனைவி சுலைஹாவின் குரல்: "நம்பாதீங்க லா. போன வாரம் வந்தவங்ககிட்ட கப்பல்னு சொன்னாரு."

எனக்கு ரயிலே போதும். [உண்மையைச் சொன்னால், எனக்கு ஏதோ ஒன்று தேவையாக இருந்தது. கையில் கதை இல்லாத மாதங்கள் அவை.]

2

முதல் தொடக்கம்: "1929இல் மூவார் ரயில் நின்றபோது அதன் இஞ்சின்கள்" வேண்டாம். பள்ளிப் பாடம்.

இரண்டாம் தொடக்கம்: "நான் ஓர் இஞ்சின். காலையில் மீன் கூடைகளையும் வெற்றிலைக் கூடைகளையும் அவற்றின் சொந்தக்காரிகளையும் சந்தைக்கு இழுத்து வந்து, மாலையில் வெறுங்கூடைகளோடு திருப்பிக் கொண்டுபோய்"

பேசும் இஞ்சின் எனக்கு ஒத்துவரவில்லை. இரும்புக்கு ஏக்கம் கிடையாது. அதன் சத்தத்தைக் கேட்டு உலை வைத்தவளுக்கு உண்டு.

அவளுக்குக் கருப்பாயி என்று பெயர் வைக்கிறேன்.

3

கருப்பாயியின் கணவன் வீரமுத்து அந்த இஞ்சினில் நெருப்புப் போடுகிறவன். தண்டவாளம் தென்னந்தோப்பை ஒட்டித் திரும்பும் இடத்தில் அவர்கள் குடிசை. மாலை வண்டி அங்கே வரும்போது டிரைவர் ஊதல் கயிற்றை அவனிடம் விட்டுவிடுவார். நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று, பிறகு நீளமாகத் தொடங்கிப் பாதியில் அறுந்துபோகும் ஒன்று. அதைக் கேட்டதும் அவள் உலை வைப்பாள். வண்டியைக் கொட்டகையில் விட்டு, சாம்பலைத் தள்ளிவிட்டு, அவன் நடந்து வருவதற்குள் சோறு வடித்திருக்கும்.

"ஏன் கடைசி ஊதல பாதியில விடுறீங்க?"

"மீதிய நேர்ல வந்து ஊதத்தான்."

"ஐய, ஊதுற மூஞ்சியப் பாரு."

[இதற்குப் பிறகு ஒரு காதல் பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். அந்த ‘ஐய’ போதும்.]

4

சாலை வந்தது, பஸ் வந்தது, ரயில் நின்றது. கதைக்காக மூன்று இஞ்சின்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.* ஒன்றை வெட்டிப் பழைய இரும்பாக விற்றார்கள். ஒன்று கொட்டகையிலேயே துருப்பிடித்தது. வீரமுத்துவின் இஞ்சினை பெக்கான் நானாஸில் அன்னாசி ஆலை வைத்திருந்தவர் வாங்கி, சக்கரங்களைக் கழற்றி, செங்கல் மேடையில் உட்காரவைத்தார். டின்களை வேகவைக்க அதன் நீராவி. ஆட்களைக் கூப்பிட அதன் ஊதல்.

(* உண்மையில் எத்தனை, எங்கே போயின என்று நான் தேடவில்லை. தேடினால், கோழி படுத்திருந்தது ரயிலே இல்லை என்று தெரிந்துவிடுமோ என்ற பயம்.)

வீரமுத்து சிங்கப்பூர்ப் பக்கம் வேலை தேடிப் போனான். "நெருப்பு எரியிற எடத்துல எனக்கு வேல இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனான். ஒரு மழைக்காலம் முடிந்தது. ஆளும் வரவில்லை, தகவலும் வரவில்லை.

ஆள் போன திசை கருப்பாயிக்குத் தெரியாது. இஞ்சின் போன திசை தெரியும். அதன் பின்னால் போனாள். என்றைக்காவது அவனும் அதைத் தேடி வருவான் என்று நம்பினாள்.

5

இங்கே எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. காத்திருக்கும் பெண்ணை எழுதுவது எளிது. அசையாமல் இருப்பாள், நாம் வரைந்துகொண்டே இருக்கலாம்.

கருப்பாயி அசையாமல் இருக்கவில்லை. ஆலையில் அன்னாசிக்குக் கண் எடுத்தாள். சாறு பட்டு விரல் நுனிகள் வெந்தன. அவனைத் திட்டினாள். அவன் முகம் மெல்ல மறந்துகூடப் போயிற்று. (இதை எழுதிவிட்டு எழுந்து போய்விட்டேன். திரும்பி வர இரண்டு நாள் ஆனது.) மறக்காதது வேறு. பொழுது சாயும் நேரத்தில், தூரத்தில் ஒருவன், வருகிறேன் என்று அவளுக்கு மட்டும் சொல்லிவிட்டு வந்தது. இப்போது அதே ஊதல் எல்லாரையும் கூப்பிட்டது.

இஞ்சினுக்கு இப்போது நெருப்புப் போடும் சீனர், பாய்லர்காரர் ஆ லெக், தட்டையாக ஒரே இழுப்பு இழுப்பார். அவள் முகம் சுளிப்பதைப் பார்த்து ஒருநாள், எல்லாரும் சந்தையில் பேசும் கொச்சை மலாயில் கேட்டார்: "வேற எப்படி ஊதணும்? நீதான் ஊதிக் காட்டேன் லா."

உதட்டைக் குவித்து ஊதிக் காட்டினாள். பாதியில் நிறுத்தினாள்.

"மீதி எங்க?"

"மீதி சிங்கப்பூர்ல."

6

ரப்பர் விலை விழுந்தது. எங்கும் வேலை போயிற்று. தோட்டத்து ஆட்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஆலையிலும் ஆள் குறைத்தார்கள். கூட வேலை செய்த ராஜம்மா கருப்பாயியை விடவில்லை.

"அக்கா, இதான் கடைசி லாரி. இத விட்டா ஓசிக் கப்பல் கெடையாது."

"அவரு வந்துட்டாருன்னா?"

"வந்தா அந்த இஞ்சினையே கட்டிக்கட்டும். நீங்க ஏறுங்க."

கருப்பாயி சிரித்துவிட்டாள். சிரித்ததால்தான் ஏறினாள் என்று நினைக்கிறேன். மடியில் சோற்றுப் பானை. லாரி உறுமியது.

அப்போது ஆலை ஊதியது. நீளமாக ஒன்று. குட்டையாக ஒன்று. பிறகு நீளமாகத் தொடங்கி, பாதியில் அறுந்த ஒன்று.

7

வீரமுத்து வந்துவிட்டான். நேராக இஞ்சினிடம் போய்க் கயிற்றைப் பிடித்துவிட்டான். எனக்கு இந்த முடிவுதான் வேண்டும். அதனாலேயே இதை நம்ப முடியவில்லை.

அல்லது, ஊதியது ஆ லெக். போகிறவளுக்குக் கொடுக்க அவரிடம் வேறு எதுவும் இல்லை. [‘போகாதே’ என்பதாகவும் இருக்கலாம். அவரைப் பற்றி நான் போதுமான அளவு எழுதவில்லை. மன்னிக்கவும், ஆ லெக்.]

அல்லது, லாரி கிளம்புகிறதே என்று யாரோ சும்மா மூன்று முறை இழுத்தார்கள். மூன்றாவது இழுப்பில் நீராவி போதாமல் போகும் கிழட்டு இஞ்சின் அது. தென்னந்தோப்பிலும் அப்படித்தான் போதாமல் போயிருக்கும். வீரமுத்து அந்தக் குறையைத்தான் அவளுக்கு ஒரு வாக்காக மாற்றிக் கொடுத்திருந்தான். மூன்றில் இதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது, அவன் அவளை மிகவும் நேசித்ததும் இதில்தான்.

கருப்பாயிக்கு இந்த மூன்றும் தெரியாது. அந்தச் சத்தம் கேட்டால் உலை வைக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். ராஜம்மா அவள் கையைப் பிடித்திருக்கிறாள். லாரி நகரத் தொடங்கிவிட்டது. நான் அவளை இறக்கினால், ஆலை வாசலில் யாரும் இல்லாமல் அவள் நிற்பதையும் எழுத வேண்டியிருக்கும். இறக்காவிட்டால், கடல் முழுக்க அந்த ஊதல் அவள் காதில் பாதியிலேயே நிற்கும். என்னால் இரண்டும் முடியவில்லை. நீங்களும் கேட்டீர்கள்தானே? உங்கள் காதில் அது யார் ஊதியதாக விழுந்ததோ, அதன்படி செய்யுங்கள். நான் எழுதியவரைக்கும், கருப்பாயி ராஜம்மாவின் கையை மெல்ல விலக்கி, பானையை மார்போடு சேர்த்துப் பிடித்து, ஆலைப் பக்கம் திரும்பி,