நாற்பத்தோராவது ஆள்

1

ஒரு உதாரண வாக்கியம் தேடப் போய், அகப்பட்டது இந்தக் கதை. பள்ளிப் பிள்ளைகளின் ஆங்கிலப் பயிற்சி நூல்களுக்கு வாக்கியம் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. ‘எக்ஸீட்’ என்ற வினைச்சொல்லுக்கு ஆறு வாக்கியம் கேட்டிருந்தார் பதிப்பாசிரியர்.

“வீட்டுல பேசுற மாதிரி இருக்கணும் சார். சர்க்குலர் வாசிக்கிற மாதிரி வேண்டாம்.”

லாரி வேக வரம்பை எக்ஸீட் செய்தது. பெட்டியின் எடை அனுமதித்த அளவை எக்ஸீட் செய்தது. எழுதிவிட்டு நானே கொட்டாவி விட்டேன். எந்த வீட்டில் இப்படிப் பேசுகிறார்கள்?

அடுப்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அண்ணி எட்டிப் பார்த்தார். ஆற்றைக் கடக்கும் பயணிகள் படகை ஓட்டுபவர் அவர்.

“இந்த வார்த்தை எங்க படகுலயும் எழுதியிருக்கு தம்பி. நாப்பது பேருக்கு மேல ஏறக் கூடாதுன்னு அர்த்தம். ஆனா இது திட்டுற வார்த்தையா, பாராட்டுற வார்த்தையா?”

“ரெண்டுக்கும் வரும் அண்ணி. எதிர்பார்த்ததுக்கு மேல மார்க் வாங்கினாலும் இதே வார்த்தைதான்.”

“அப்படின்னா எழுதிக்கோங்க. உங்க அண்ணன் குறட்டை என் இன்ஜினை எக்ஸீட் பண்ணுது.”

புத்தகத்தில் அச்சேறியது அந்த ஒரு வாக்கியம்தான்.

2

(கதை இங்கே கொஞ்சம் நிற்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

ஆங்கிலம் ஒரே சொல்லில் முடித்துக்கொள்வதை நாம் பிரித்து வைத்திருக்கிறோம். வரம்பை மீறினால் வசவு. ஆளை விஞ்சினால் புகழ். ‘மிஞ்சுவது’ மட்டும் இரண்டு பக்கமும் சாயும். அவளை மிஞ்ச ஆளில்லை என்போம். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்றும் சொல்வோம். அண்ணியைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது எந்தச் சொல்லைப் போடுவது என்று தெரியாமல்தான் இத்தனை தாள்களைக் கிழித்தேன்.

3

கிழித்த தொடக்கங்களில் ஒன்று: “ஆறு அன்று காலை ஏதோ ஒரு துயரத்தை முன்கூட்டியே அறிந்ததுபோல்…”

இல்லை. ஆறு எதையும் அறிந்திருக்கவில்லை. கண்ணாடி மாதிரிக் கிடந்தது.

இன்னொன்று: “அவள் ஒரு இரும்புப் பெண்…”

அதுவும் இல்லை. பல்லிக்குப் பயந்து நாற்காலி மேல் ஏறுபவர் அண்ணி. ஆனால் படகைத் துறையில் அணைக்கும்போது பார்க்க வேண்டும். தூங்கும் குழந்தையைத் தோளிலிருந்து பாயில் இறக்குவது போல இருக்கும். நிற்பவர் கையில் தேநீர் இருந்தாலும் தளும்பாது.

4

நடந்தது இதுதான்.

அண்ணன் வேலை பார்த்த அச்சகம் மூடிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அக்கரையில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர் வேலைக்கு நேர்காணல். சட்டையை இரண்டாம் தடவை இஸ்திரி போட்டு, தலையை மூன்றாம் தடவை வாரி, துறைக்கு ஓடினார். வழியனுப்ப நானும் கூட ஓடினேன். அவர் தாவி ஏறவும், துறைக் காவலர் கையை உயர்த்தவும் சரியாக இருந்தது.

“நாப்பத்தொண்ணு!”

அண்ணி திரும்பிப் பார்த்தார். ஏறியது யாரென்று தெரிந்தது.

“என்னங்க, நீங்க அடுத்த படகுல வாங்க.”

“அடுத்ததுல போனா நேரம் தப்பிடும்னு உனக்கே தெரியும்.”

“தெரியும்.”

கைக்குழந்தைக்காரி ஒருத்தி சமாதானம் பேசினாள். “உங்க வீட்டுக்காரர்தானேம்மா, விடுங்க. ஒரு ஆள்ல என்ன ஆயிடப் போகுது?”

“நான் என்ன யானையா?” என்றார் அண்ணன். சிலர் சிரித்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை.

அண்ணி இன்ஜினை அணைத்தார். தண்ணீர் படகில் மோதும் சத்தம் அப்போதுதான் கேட்டது.

“கடைசியா ஏறினவங்க இறங்கணும். எல்லாருக்கும் அதான். இறங்குங்க.”

அண்ணன் இறங்கினார். அவர் முகம்…

(இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை.)

5

கதையைப் படித்த பதிப்பாசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“நடு ஆத்துல ஒரு காத்து அடிக்கணுமே சார்? இல்லாட்டி அந்தம்மா செஞ்சது சரின்னு எப்படித் தெரியும்?”

எழுதிப் பார்த்தேன். காற்று வந்தது, அலை எழுந்தது, ஓர் ஆள் குறைவாக இருந்ததால் படகு பிழைத்தது. வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையில் அன்று ஓர் இலைகூட அசையவில்லை. நாற்பத்தொரு பேரோடும் அந்தப் படகு சுகமாகவே போயிருக்கும். அதனால்தான் எனக்கு அண்ணியைப் பிடித்திருக்கிறது. புயல் வந்து அவருக்குச் சாட்சி சொல்லவில்லை. சாட்சி இல்லாமலேயே அவர் நின்றார்.

கிடங்கு முதலாளி அண்ணனுக்காகக் காத்திருந்ததாக இன்னொரு முடிவும் எழுதினேன். அதையும் அடித்துவிட்டேன். அந்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது.

6

அன்று சாயங்காலம் வீட்டில் தட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. அண்ணிதான் முதலில் வாய் திறந்தார்.

“கோவமா?”

“இல்ல.”

“உங்கள இறக்காம விட்டிருந்தா, நாளைக்கு நான் யாரை இறக்க முடியும்?”

அண்ணி அண்ணன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார்.

“அந்தச் சட்டை உங்களுக்கு ரொம்ப நல்லா இருந்துச்சு. இறங்கிப் போறப்ப முதுகுப் பக்கம்தான் பாத்தேன். அப்பவும் நல்லா இருந்துச்சு.”

அண்ணன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்தது.*

* கோபத்தாலா வெட்கத்தாலா என்று கேட்காதீர்கள். இரண்டுக்கும் அவருக்கு ஒரே நிறம்தான்.

7

அடுத்த வாரம் இன்னொரு நேர்காணல். படகு வருவதற்கு முன்பே வரிசையின் தலையில் நின்றார் அண்ணன், அதே சட்டையில். அண்ணி கயிற்றை எறிந்துவிட்டு அவரைப் பார்த்தார்.

“ஏறுங்க.”

அண்ணன் ஏறினார். வழக்கமாக உட்காரும் பின்பலகைக்குப் போகாமல், சுக்கான் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். படகு விலகியது. அண்ணி ஏதோ கேட்பதும், அண்ணன் குனிந்து ஏதோ சொல்வதும் தெரிந்தன. இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. நான் கரையில் நிற்கிறேன்; இங்கிருந்து எதை எழுதினாலும் பொய்யாகிவிடும்.

ஆனால் அன்று படகில் ஓர் இடம் காலியாக இருந்தது. நீங்கள் ஏறிக்கொள்ளுங்கள்.