சம்பந்தி சாகக்கூடாது

சிவபாலனுக்கு அந்தக் காட்டெருமையோடு ஒரு கோபதாபமும் இல்லை. அது வேலியை முறித்துக்கொண்டு ஓடிப்போன கதையைத் தொழிற்சாலையில் கேட்டபோதுகூட, பாவம், ஒரே புல்லைத் தின்று அலுத்துப்போயிருக்கும் என்றுதான் நினைத்தார். இக்காஸ்ட் என்ற டேனிஷ் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணைக்காரி ஆசைக்கு வளர்த்த அமெரிக்கக் காட்டெருமை அது. தலை மட்டும் ஒரு சலவை மெசின் அளவு. கொல்ஃப் விளையாடப் போன நாலு கனவான்களை மரத்தில் ஏற்றிவிட்டுப் பைன் காட்டுக்குள் புகுந்துகொண்டது. பொலிசும் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சுட அனுமதி கொடுத்துவிட்டது. சரி, சுடுகிறவன் சுடட்டும், இதில் சிவபாலனுக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். சுடப் புறப்பட்டவர் அவருடைய சம்பந்தி. அங்கேதான் வந்தது வினை.

சம்பந்தி என்றால் இன்னும் ஆகவில்லை, ஆவதற்கு மூன்று கிழமை இருந்தது. பெயர் பிறேபன். ஆபிரிக்காவுக்குப் போய் எருமையும் சிங்கமும் சுட்டவர். அவருடைய வீட்டில் கோப்பி குடிக்க உட்கார்ந்தால் சுவரில் இருந்து ஏழெட்டுத் தலைகள் பார்த்துக்கொண்டிருக்கும். மனைவி எப்போதோ பிரிந்து போய்விட்டார். இருக்கிற ஒரே மகன் யொனாஸ். அந்த யொனாஸைத்தான் சிவபாலனின் மகள் சாருஜா கட்டப்போகிறாள்.

இந்தக் கலியாணத்துக்கு மனைவி ஞானேஸ்வரியைச் சம்மதிக்க வைக்கச் சிவபாலன் பட்ட பாடு கொஞ்சமல்ல. மூன்று வருசம் வீட்டில் சமையல் நடந்தது, கதை நடக்கவில்லை. கடைசியில் ஞானேஸ்வரி சாதகம் பார்த்து, நாள் குறித்து, ஹேர்னிங்கில் மண்டபமும் எடுத்துவிட்டு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்: "ஒரு தடங்கல் வந்தாலும் அது அம்மன் வேண்டாம் எண்டு சொல்லுறது. பிறகு இந்தக் கதையே எடுக்கக்கூடாது." மகளும் சளைத்தவளா? தாயைத்தான் உரித்து வைத்திருக்கிறாளே. அப்பாவிடம் தனியாக, டேனிஷில் சொல்லிவிட்டாள்: "இனியும் தடுத்தால் நாங்கள் கொம்யூன் அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் கோப்பன்ஹேகன் போய்விடுவோம். பிறகு நான் இந்தப் பக்கம் வரமாட்டேன் அப்பா." வரமாட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான். சிவபாலன் அன்றிலிருந்து வீட்டில் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டார்.

இந்த நிலையில்தான் பிறேபன் ஞாயிற்றுக்கிழமை கேக்கை வெட்டிக்கொண்டே, "வாற சனிக்கிழமை அந்தப் பைசனைச் சுடப் போகிறேன். சிவா, நீயும் வாயேன், பரணில் இருவர் இருக்கலாம்" என்றார். அதோடு நின்றாரா? இல்லை. காயம்பட்ட எருமை எப்படி வளைந்து வந்து பின்னால் காத்திருக்கும், தன் ஒல்லாந்துக் கூட்டாளியை அது எப்படித் தரையோடு தேய்த்தது, இன்னொருவரின் தொப்பி மட்டும் எப்படிக் கிடைத்தது என்று ஆசை ஆசையாகச் சொன்னார். சிவபாலன் சைவச் சாப்பாட்டுக்காரர். கேக்கில் முட்டை இருக்குமென்று அதையே தொடாமல் இருந்தவர், இப்போது தட்டையே தள்ளி வைத்தார்.

காரில் ஏறியதும் ஞானேஸ்வரி கேட்டார். "எருமையெண்டோ சொன்னவர்?"

"ஓம். காட்டெருமை."

"ஐயோ! யமன்ர வாகனமெல்லோ! கலியாணத்துக்கு மூண்டு கிழமை இருக்கேக்க அந்த மனுசன் யமன்ர வாகனத்துக்கு வெடி வைக்கப் போறாரோ? அவருக்கு ஒண்டு நடந்தா என்ன ஆகும், யோசிச்சியளே?"

"பாவம், நல்ல மனுசன்..."

"துடக்கெல்லோ, சாவுத் தீட்டு! மாப்பிள்ளையின்ர தகப்பன். ஆட்டத்திவசம் முடியாமத் தாலி கட்டேலுமோ? ஒரு வருசம் போயிடும். ஒரு வருசம் போனா..." மகள் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லைத்தான், ஆனால் பெற்றவளுக்குத் தெரியாதா? ஒரு வருசம் போனால் மகள் போய்விடுவாள்.

"நீங்களும் போங்கோ" என்றார் ஞானேஸ்வரி. "அவற்ர ஜக்கெற்றைப் பிடிச்சுக்கொண்டு இருங்கோ. எருமை வந்தா முன்னால நில்லுங்கோ."

"அப்ப எனக்கு ஒண்டு நடந்தா?"

"அதுவும் துடக்குத்தான். ரெண்டு பேரும் சாகாமல் வாங்கோ."

கட்டின மனைவி இதைவிட அன்பாக என்ன சொல்வாள்!

சனிக்கிழமை காலை பனிமூட்டம். காட்டு ஓரத்தில் பச்சைச் சட்டைக்காரர் கொஞ்சப் பேர் நின்றார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் "க்னெக் ஒ பிறெக்" என்றார்கள். வேட்டைக்குப் போகிறவர்களை இங்கே அப்படித்தான் வாழ்த்துவார்களாம். உடையட்டும், முறியட்டும் என்று அர்த்தமாம். 'சனியன்கள், வாழ்த்துகிற வாயைப் பார்' என்று சிவபாலன் மனதுக்குள் திட்டிக்கொண்டு, பிறேபனின் முதுகில் யாரும் பார்க்காத நேரம் கொஞ்சம் திருநீற்றைத் தட்டிவிட்டார்.

பரண் என்பது நாலு மரக்காலில் நிற்கிற ஒரு பெட்டி. மேலே ஏறினால் வீட்டுக் கூரை உயரம். ஏணிப் படியெல்லாம் பனி உறைந்து கண்ணாடியாகக் கிடந்தது. சிவபாலன் முன்னால் ஏறி ஒவ்வொரு படியையும் தன் மப்ளரால் துடைத்தார். பிறேபன் ஏறும்போது மேலிருந்து கொலரைப் பிடித்தார். உட்கார்ந்ததும் ஜக்கெற்றின் வாலைப் பிடித்தார். பிறேபன் தும்மினார். இந்தக் குளிரில் நியூமோனியா வந்தாலும் அதே ஒரு வருசம்தானே! தேர்மோசைத் திறந்து மல்லிக் கோப்பியை ஊற்றி நீட்டினார்.

"நீ மிகவும் அக்கறையான மனிதன் சிவா" என்றார் பிறேபன்.

"எங்கள் பழக்கம்" என்றார் சிவபாலன். வேறு என்னத்தைச் சொல்ல?

காட்டெருமை வந்தது. ஆபிரிக்கக் கதைகளில் வருகிற மாதிரிப் புழுதி கிளப்பிக்கொண்டு வரவில்லை. சந்தைக்குப் போகிறதுபோல ஆறுதலாக நடந்து வந்து, நேரே பரணுக்குக் கீழே நின்று, ஒரு மரக்காலில் முதுகைத் தேய்க்கத் தொடங்கியது. அதற்கு எங்கேயோ கடி, ஒரே அரிப்பு. அது தேய்க்கத் தேய்க்க மேலே பெட்டி ஆடியது. கோப்பி கொட்டியது. "முருகா, முருகா" என்றார் சிவபாலன்.

பிறேபனுக்கோ முகம் மலர்ந்துவிட்டது. துவக்கைத் தூக்கி, நேரே கீழே குறிபார்க்க விளிம்புக்கு வெளியே உடம்பை வளைத்தார். பாதி ஆள் வெளியே! சிவபாலன் கண்ணை மூடிக்கொண்டு ஜக்கெற்றை இழுத்தார் ஒரு இழுவை. வெடி வானத்துக்குப் போனது. துவக்கு பிறேபனின் கையைவிட்டுக் கீழே போனது. எருமை அதை மணந்து பார்த்தது, பிறகு ஏறி மிதித்தது. வெடிச் சத்தத்தில் எரிச்சல் வந்ததோ என்னவோ, ஏணியையும் ஒரு முட்டு முட்டி விழுத்திவிட்டு, மறுபடியும் முதுகைத் தேய்க்கத் தொடங்கியது.

"பரவாயில்லை" என்றார் பிறேபன். "நான் குதிக்கிறேன். இடுப்பில் கத்தி இருக்கிறது."

விசர் என்றால் இதுதான் விசர், முழுப் பைத்தியம். அவர் ஒரு காலைத் தூக்கி விளிம்பில் வைத்துவிட்டார். சிவபாலன் பாய்ந்து இரண்டு கையாலும் அவரைக் கட்டிப்பிடித்தார். பிறேபன் உதறினார், அவர் விடவில்லை. பெட்டி ஒரு பக்கம் சரிந்தது. பயத்தில் சிவபாலனின் மனதில் உள்ளதெல்லாம் டேனிஷில் கொட்டிவிட்டது.

"நீ செத்தால் கலியாணம் இல்லை! ஒரு வருசம் இல்லை! எங்கள் வழக்கம் அது. யாரும் பட்டுடுத்தக்கூடாது, மேளம் கூடாது, பலகாரம் சுடக்கூடாது. கோயிலுக்கும் போகக்கூடாது, கொண்டாட்டத்துக்கும் போகக்கூடாது. ஒரு வருசம் எல்லாம் நிற்கும்!"

பிறேபன் உதறுவதை நிறுத்தினார். "யாருக்காக நிற்கும்?"

"உனக்காகத்தான்! மாப்பிள்ளையின் அப்பா அல்லவா நீ?"

"எனக்காக ஒரு வருசமா?"

"ஓம். முழு வருசம்."

பிறேபன் காலைக் கீழே எடுத்துவிட்டு உட்கார்ந்தார். கீழே எருமை தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சொன்னார்: "என் அப்பா செத்தது ஒரு வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனேன். அன்று யாருக்கோ பிறந்தநாள். எல்லோரும் கேக் சாப்பிட்டோம். நானும் சாப்பிட்டேன்." மூக்கை உறிஞ்சினார். "நான் போனாலும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். அதுவும் சரிதான் என்று."

சிவபாலனுக்குத் தன்னை நினைத்துச் சீ என்று போய்விட்டது. மண்டபத்துக்காகவும் மகளுக்காகவும் பிடித்த ஜக்கெற் அது. இந்த மனுசனோ பெரிய குழந்தை மாதிரிக் கண்ணைத் துடைக்கிறார். என்ன செய்வதென்று தெரியாமல் மப்ளரைக் கழற்றி அவருடைய கழுத்தில் சுற்றிவிட்டார்.

வெடிச் சத்தம் கேட்டுப் பண்ணைக்காரி வந்து சேர்ந்தாள், கையில் ஒரு வாளியோடு. வாளியில் தீனி. அதை இரண்டு தரம் குலுக்கி, "வா லில்லியான்" என்றாள். யமனின் வாகனம் முதுகைத் தேய்ப்பதை விட்டுவிட்டு அவளுக்குப் பின்னால் நாய்க்குட்டிபோல நடந்து போனது. போகிற வழியில் ஏணியையும் எடுத்து நிறுத்திவிட்டுத்தான் போனாள் புண்ணியவதி.

சிவபாலன் இறங்கிவிட்டார். பிறேபன் இறங்கவில்லை.

"வழுக்கும்" என்றார் மேலிருந்து. இரண்டு கையாலும் கம்பத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். சிங்கத்துக்கு முன்னால் நின்ற மனுசன் ஒரு காலைக்கூட ஏணிப் பக்கம் நீட்டவில்லை. "விழுந்தால்? ஒரு வருசம் சிவா! கலியாணம் முடியும்வரைக்கும் நான் இங்கேயே இருக்கிறேன். நீ சாப்பாடு அனுப்புவாயா?"

சிவபாலன் கெஞ்சினார், அதட்டினார், ஏணியை ஆட்டி உறுதி காட்டினார். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் மனைவிக்குப் போன் எடுத்தார். ஞானேஸ்வரி சோற்றுச் சட்டியோடு காரை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். "எங்க எருமை?" என்பதுதான் முதல் கேள்வி. சிவபாலன் நடந்ததெல்லாம் சொன்னார். துடக்குக் கதையை உளறியதையும் சொன்னார், வெள்ளிக்கிழமையையும் திங்கட்கிழமையையும் சொன்னார்.

ஞானேஸ்வரி வாயில் கையை வைத்தபடி நின்றார். "செத்தவீட்டுக்கு அழக்கூட ஒருத்தரும் இல்லையெண்டோ இந்த மனுசன் துவக்கையும் தூக்கிக்கொண்டு திரிஞ்சவர்?"

சட்டியைப் புருசனிடம் கொடுத்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். ஏணியை இரண்டு கையாலும் பிடித்தார்.

"அண்ணை! இறங்குங்கோ. நான் பிடிச்சிருக்கிறன்."

சிவபாலன் திரும்பிப் பார்த்தார். மூன்று வருசத்தில் ஞானேஸ்வரி அந்த மனிதரின் பெயரைக்கூட வாயால் சொன்னதில்லை.

பிறேபனுக்குத் தமிழ் ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் ஒரு காலைப் படியில் வைத்தார். பிறகு மற்றதை வைத்தார். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று, வியர்த்து வடிய வந்துசேர்ந்தார். கடைசிப் படியில் நின்றுகொண்டு சிவபாலனைக் கேட்டார்: "அண்ணை என்றால் என்ன?"

"மூத்த சகோதரன்."

பிறேபன் ஞானேஸ்வரியைப் பார்த்தார். டேனிஷில் மெதுவாக, பயந்து பயந்து கேட்டார்: "சகோதரன் செத்தால் எவ்வளவு காலம்?"

ஞானேஸ்வரிக்குச் சட்டென்று கண் நிறைந்துவிட்டது. அவருடைய முதுகில் ஓங்கி ஒரு அடி போட்டார்.

"விசர்க் கதை கதையாதேங்கோ. சோறு ஆறுது, வாங்கோ."