கப்பலில் தின்ற உப்பு

பிரகாசத்துக்கு எழுபத்தோரு வயதில் விமான டிக்கெட் வந்தது. விதைக் கம்பெனி ஆள் கிங்ஸ்டன் அதைப் பூப்போட்ட உறையில் வைத்து, தக்காளித் தோட்டத்து வரப்பிலேயே கொண்டுவந்து நீட்டினான். பிரகாசம் வாங்கவில்லை. கையெல்லாம் சேறு என்றார். கையில் சேறே இல்லை.

எவன் எதற்குக் கொடுக்கிறான் என்று தெரியாமல் எதையும் வாங்குகிற ஆள் இல்லை அவர். மகள் அருள்செல்வி கல்யாண வீட்டு லட்டு கொண்டுவந்தால்கூட, யார் வீட்டுக் கல்யாணம், யார் கூப்பிட்டது என்று இரண்டு கேள்வி கேட்ட பிறகுதான் பிட்டு வாயில் போடுவார்.

"முன்னோடி விவசாயிகள் சுற்றுலாங்கய்யா. கோவா. ரெண்டு நாள். நீங்களும் நாராயணப்பன் அண்ணனும்," என்றான் கிங்ஸ்டன்.

"எதுல நாங்க முன்னாடி ஓடுனோம்?"

கிங்ஸ்டன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கும் கம்பெனி சம்பளம் கொடுக்கிறது என்று பிரகாசம் நினைத்துக்கொண்டார்.

விஷயம் ஊருக்கே தெரியும். ராயக்கோட்டைப் பக்கத்தில் அந்தக் கம்பெனி விதையை நம்பித் தக்காளி நட்டவர்களில் மூன்று பேருக்கு மொத்தமாகப் போயிற்று. செடி ஆளுயரம் வந்தது, பூ வந்தது, பூவெல்லாம் கொட்டியது. தப்பி நின்ற காய் எலுமிச்சம்பழ அளவோடு நின்றுவிட்டது. வெட்டினால் உள்ளே சதையில்லாத வெறும் கூடு. பிரகாசத்துக்கு அரை ஏக்கர், நாராயணப்பனுக்கு முக்கால், முனிலட்சுமிக்கு ஒன்றரை ஏக்கர். புருசன் செத்த பிறகு அவள் தனியாக வைத்த முதல் வெள்ளாமை. பிரகாசத்தைப் பார்த்துத்தான் அவள் நட்டாள். "எதையும் நம்பாத பிரகாசண்ணனே நட்டிருக்காரு, அப்பறம் நமக்கென்ன" என்று சொல்லிக்கொண்டே நட்டாள். அந்த ஒரு சொல் அவர் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றிருந்தது.

முனிலட்சுமி கிருஷ்ணகிரியில் மனு கொடுத்துவிட்டாள். வருகிற வெள்ளிக்கிழமை கலெக்டர் ஆபீசில் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம். அங்கே பிரகாசமும் நாராயணப்பனும் எழுந்து, எங்களுக்கும் இதே கதைதான் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அதிகாரிகள் வயலுக்கு வருவார்கள். சொல்லாவிட்டால் ஒற்றைப் பொம்பளை தண்ணி விடத் தெரியாமல் கெடுத்துக்கொண்டாள் என்று கோப்பை மூடுவார்கள். சுற்றுலா அதற்கு முந்தின சனி, ஞாயிறு.

"நீங்க போவ மாட்டீங்கண்ணா. ஆனா அவரு போறாராம்," என்றாள் முனிலட்சுமி.

"நாராயணப்பனா?"

"பேன்ட் தைக்கக் குடுத்திருக்காரு."

அதைக் கேட்ட பிறகுதான் பிரகாசம் கிங்ஸ்டனிடம் டிக்கெட்டை வாங்கிக்கொண்டார். நாராயணப்பன் கெட்டவன் இல்லை. ஆனால் ஒரு வாய் தின்றுவிட்டால் தீர்ந்தது. போன பஞ்சாயத்துத் தேர்தலில், தன் வரப்பை வெட்டியவன் என்று பத்து வருசமாகத் திட்டிக்கொண்டிருந்த ஆளுக்கே ஓட்டுப் போட்டான். கேட்டதற்கு, "வெயில்ல போனேண்ணா, ஒரு டம்ளர் மோர் குடுத்துட்டான்" என்றான். அவனைத் தனியாக அனுப்பினால் திரும்பி வரும்போது நாக்கு கிங்ஸ்டன் பையில்தான் இருக்கும்.

ஆகவே பிரகாசம் போனார். அவர்கள் சோற்றில் ஒரு பருக்கைகூட தொடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு போனார். பையில் நாலு வாழைப்பழம், ஒரு பொட்டலம் பொரி.

ஓட்டலில் காலையிலேயே ஆரம்பித்தது. நீளமான மேசையில் நாற்பது வகை. நாராயணப்பன் புது பேன்ட்டின் மேல்பொத்தானைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான்.

"ஐயா, தட்டெடுங்க," என்றான் கிங்ஸ்டன்.

"ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம். ஒருசந்தி. ஒரு வேளைதான் சாப்பாடு."

"அந்த ஒரு வேளையை இங்க சாப்பிடுங்களேன்."

"அதை நான் பாத்துக்கறேன்."

மறுநாள் கிங்ஸ்டன் கொக்கி போட்டான். அவனும் பிரகாசத்தைப் போலவே வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவன். "இன்னைக்கு ஞாயித்துக்கெழமை ஐயா. ஞாயித்துக்கெழமைல ஒருசந்தி கெடையாதுல்ல?"

"எங்க ஊர்ச் சாமியார் வேற மாதிரி சொல்லியிருக்கார்." சாமியார் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. பொய்யை அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

கிங்ஸ்டனும் விடவில்லை. கிழவர் எதற்குப் பயப்படுகிறார் என்று அவனுக்கு ஒருவழியாகப் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்தி, நெஞ்சில் கைவைத்துச் சொன்னான்: "கம்பெனி காசு ஒரு பைசா இதுல இல்லீங்கய்யா. டிபன் ரூமோட ஃப்ரீ. சாயங்காலம் கப்பல்ல சாப்பாடு, குடி எல்லாமே ஃப்ரீ. தைரியமாச் சாப்பிடுங்க."

"ஃப்ரீயா குடுக்க அவன் என்ன எனக்குச் சம்பந்தியா?" என்று எழுந்து போய்விட்டார்.

இரண்டு நாளும் அவர் சோறு தேடி நடந்த நடை அவருக்குத்தான் தெரியும். ஆற்றங்கரை முழுக்கக் கடைதான். எல்லா வாசலிலும் பலகை, பலகை முழுக்க விலை. ஒரு தோசையின் விலையைப் பார்த்துவிட்டு, எழுத்துக்கூட்டிப் படித்ததில் தப்போ என்று மறுபடியும் படித்தார். தப்பில்லை. காலை பத்து மணிக்கே பீர் குடித்து, போட்டிருந்த சட்டையிலேயே கக்கி, அதே சட்டையோடு அடுத்த கடைக்குள் நுழைகிறவனைப் பார்த்தார். பசியோடு அடுத்த தெருவுக்கு நடந்தார்.

கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு அம்மாள் கூடை வைத்துச் சோள ரொட்டி விற்றுக்கொண்டிருந்தாள். கன்னடம் பேசினாள். ஓசூர்ப் பக்கத்து ஆளுக்குக் கன்னடம் வராதா? இரண்டு ரொட்டி, வேர்க்கடலைச் சட்னி, ஒரு பச்சை வெங்காயம். காசை முதலில் கொடுத்துவிட்டுத்தான் தின்றார்.

"கப்பல் பாக்க வந்தீங்களா?" என்று அவள் கன்னடத்தில் கேட்டாள். ஆற்றின் நடுவே வெள்ளையாக நாலு மாடிக் கப்பல் நின்றது. "என் மக அங்க தட்டு கழுவறா. ஒரு நாள்ல மிச்சம்னு கொட்டறதுல எங்க ஊர்ல ஒரு கல்யாணம் நடத்தலாம்."

"சும்மாவே போடறானாமே?"

அவள் சிரித்தாள். ரொட்டி சுட்டுச் சுட்டுக் காய்த்த கையை விரித்துக் காட்டினாள். "சும்மா எவன் போடுவான் எஜமானரே? உள்ள சூதாடித் தோக்கறவன் காசுலதான் அந்த அடுப்பு எரியுது. தின்னுக்கிட்டே இருந்தா எந்திரிச்சுப் போக மாட்டான், இன்னும் தோப்பான். அதுக்குத்தான் சோறு."

பிரகாசத்துக்கு அந்த ஊரில் கேட்டதிலேயே நம்பும்படியான பேச்சு அதுதான்.

ஞாயிறு சாயங்காலம் வெயில் இறங்குமுன் படகில் ஏற்றி அந்தக் கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். வாசலில் ஒரு பெண் மாலை போட வந்தாள். பிரகாசம் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

உள்ளே ஜன்னலும் இல்லை, கடிகாரமும் இல்லை. சாமி படம் இல்லாத வீட்டைக்கூட அவர் பார்த்திருக்கிறார், ஜன்னல் இல்லாத வீட்டைப் பார்த்ததில்லை. கால் புதையும் கம்பளம். அதில் சிந்திய குழம்பும் சாராயமும் செண்டும் சேர்ந்து, மூடிய அறையில் அழுகின தக்காளி கிரேட் வைத்த மாதிரி ஒரு வாடை. ஆம்பளையும் பொம்பளையும் மேசையைச் சுற்றி நின்று, கண்ணைச் சுழலும் சூதாட்டச் சக்கரத்தில் வைத்து, கையால் தட்டைத் துழாவித் தின்றார்கள். என்ன தின்கிறோம் என்று ஒருவனும் குனிந்து பார்க்கவில்லை. ஒரு குண்டன் கோழிக்காலைக் கடித்துக்கொண்டே விரலிலிருந்து மோதிரத்தைத் திருகினான். எண்ணெய்க் கை என்பதால் சுலபமாகக் கழன்று வந்தது. அதைப் பக்கத்திலிருந்தவனிடம் கொடுத்துப் பணம் வாங்கி, எலும்பைப் பூச்சாடிக்குள் போட்டுவிட்டு, மறுபடி சக்கரத்தைப் பார்த்தான்.

ஒரு மூலையில் கண்ணாடி அறை. பெற்றவர்கள் விளையாடி முடிக்கும்வரை பிள்ளைகளை அதில் விட்டிருந்தார்கள். ஒரு சின்னப் பெண் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றது. பிரகாசம் கையை ஆட்டினார். அது திரும்ப ஆட்டவில்லை.

சாப்பாட்டு மேசை நடுவில் தக்காளியை ரோஜாப்பூவாகச் செதுக்கி அடுக்கியிருந்தான். முதல் தரப் பழம். கெட்டித் தோல், ஒரே அளவு. மண்டியில் கிரேட்டுக்கு அடித்துப் பிடித்து ஏலம் கேட்பார்கள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கையுறை போட்ட ஒருவன் வந்து, வாடிவிட்டது என்று அத்தனை ரோஜாவையும் வாளியில் தள்ளிவிட்டு, புதிதாக ஒரு தட்டு ரோஜாவை வைத்தான். முனிலட்சுமி ஒன்றரை ஏக்கரில் ஒரு கிரேட் நல்ல பழம் எடுக்கவில்லை.

"த்தூ," என்றார். சத்தமாகவே சொன்னார். அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

நாராயணப்பன் சட்டைக் காலரில் துணியைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தட்டில் இறால் குவியல், பக்கத்தில் மூன்றாவது கிளாஸ். முகம் மட்டும் சுண்டிப் போயிருந்தது.

"என்னடா?"

"முந்திரி வாங்கச் சொல்லி வீட்ல அவ ரெண்டாயிரம் குடுத்தனுப்பினாண்ணா. அந்த மிஷின்ல போட்டேன். நாலு தடவ லைட்டு எரிஞ்சுது, பாட்டுப் பாடுச்சு. அப்பறம் ஒண்ணுமில்ல."

"நல்லாப் பாடுச்சா?"

"விடுண்ணா."

கிங்ஸ்டன் அந்த நேரம் பார்த்துத்தான் வந்து உட்கார்ந்தான். இறால் தட்டை ஒரு விரலால் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் ஒரு தாளை வைத்தான். மேலே பேனா. பனி அதிகம், தண்ணீர் குறைவு, அதனால்தான் காய் பிடிக்கவில்லை, விதையில் குறையில்லை என்று தமிழில் அச்சடித்திருந்தது. கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம்.

"சும்மா ஃபார்மாலிட்டிங்கண்ணா," என்றான் நாராயணப்பனிடம். அவன் எந்த ஆளிடம் முதலில் நீட்ட வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தான்.

நாராயணப்பன் துணியில் கையைத் துடைத்தான். பேனாவை எடுத்தான்.

"நாராயணப்பா, முனிலட்சுமி மொகத்த நெனச்சுக்க."

"நெனச்சுக்கிட்டுத்தாண்ணா இருக்கேன்." அவன் கண் கலங்கிவிட்டது. குடியோ துக்கமோ, இரண்டும்தானோ. "ஆனா நேத்துலருந்து இவங்க உப்பைத் தின்னுட்டேனே. தின்ன வாயால எப்படிண்ணா எதுத்துப் பேசறது? வயித்துல இருக்கறது செரிக்குமா?"

பிரகாசத்துக்கு அவனை அறையத் தோன்றியது. அறைந்து பயனில்லை, உப்பு வயிற்றில் இருக்கிறது. ஒரு நிமிசம் தாடையைச் சொறிந்தார். பிறகு கிங்ஸ்டன் பக்கம் திரும்பி, அதுவரை பேசாத மரியாதையோடு கேட்டார்:

"தம்பி, இந்த எறாலுக்குக் கம்பெனி எவ்வளவு கட்டுச்சு?"

கிங்ஸ்டன் முகம் மலர்ந்தது. கிழவரும் வழிக்கு வந்துவிட்டார் என்று நினைத்திருப்பான். "காலைலயே சொன்னேனேங்கய்யா, ஒரு பைசா இல்ல. எல்லாம் ஃப்ரீ. நீங்களும் எடுங்க."

"உள்ள நொழைய டிக்கெட்டு?"

"டிக்கெட்டுக் காசுக்கு அதே அளவு வில்லை குடுத்துட்டாங்களே, பணத்துக்குப் பதிலா வச்சு வெளயாட. அப்ப அதுவும் ஃப்ரீ மாதிரித்தானே?"

"சத்தியமா?"

"சத்தியமாங்கய்யா."

"கேட்டியாடா?" பிரகாசம் நாராயணப்பன் தோளைப் பிடித்துத் திருப்பினார். "அவன் வாயாலயே சொல்லிட்டான். கம்பெனி உப்பு ஒரு கல்லு உன் வயித்துல இல்ல. இந்த ஊர்ல தோக்கறவன் காசுலதான் சோறு வேகுது. நீ ரெண்டாயிரம் தோத்த. உன் பொண்டாட்டி முந்திரியைத்தான்டா நீ எறாலாத் தின்னுக்கிட்டு இருக்க!"

நாராயணப்பன் வாய் பிளந்தது. இறாலைப் பார்த்தான், மிஷினைப் பார்த்தான்.

"இவ்வளவு எறாலு ரெண்டாயிரத்துக்கு வராதேண்ணா."

"மிச்சத்துக்கு அந்தா நிக்கறான் பாரு, மோதிரத்த வித்தவன். அவன் உப்பு."

குண்டன் இப்போது கழுத்துச் சங்கிலியைத் தடவிக்கொண்டிருந்தான். வாய் மட்டும் மென்றுகொண்டே இருந்தது. நாராயணப்பன் அவனை நெடுநேரம் பார்த்தான். பிறகு வாயிலிருந்ததைத் துணியில் துப்பி, மடித்து, அந்தத் தாள் மேலேயே வைத்தான்.

"அவனுக்கு எதிராத்தான் நான் பேசக்கூடாது. கம்பெனிக்கு எதிரா பேசலாம்," என்றான் நிதானமாக.

"ஐயா, நீங்க பேசறது சரியில்ல," என்று கிங்ஸ்டன் எழுந்தான். சிரிப்பு போயிருந்தது. சிரிப்பில்லாமல் பார்த்தபோது சின்ன வயசுதான், தூக்கம் கெட்ட முகம். "இந்தக் கையெழுத்து இல்லாமப் போனா என்னைத் தூக்கிடுவாங்க."

"அதுக்கு நாங்க என்ன பண்ண? நீ வித்த வெதைதான?" என்றார் பிரகாசம். பாவம் என்று ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. அந்தத் தோன்றலையும் அவர் நம்பவில்லை.

கரைக்கு வரும் படகிலேயே நாராயணப்பன் எட்டிக் குனிந்து, தின்ற எல்லாவற்றையும் கக்கி ஆற்றுக்கே கொடுத்துவிட்டான். பிரகாசம் அவன் புது பேன்ட்டின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, முகத்தை மறுபக்கம் திருப்பி நின்றார்.

வெள்ளிக்கிழமை கிருஷ்ணகிரியில் கூட்டம் பத்தரைக்கு. முனிலட்சுமி காய்ந்த தக்காளிச் செடி நாலைந்தை வேரோடு சாக்கில் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். கம்பெனியிலிருந்து வேறொரு ஆள் வந்திருந்தான். கிங்ஸ்டனைக் காணோம். புது ஆள் வரிசை வரிசையாகப் போய், எல்லோருக்கும் சிரித்தபடி தண்ணி பாட்டிலும் பிஸ்கட்டும் கொடுத்தான்.

வெயில் கொளுத்தியது. நாராயணப்பன் கை தானாக நீண்டது. பாட்டிலின் மூடியைக்கூடத் தொட்டுவிட்டது. அப்புறம் சூடு பட்ட மாதிரி இழுத்துக்கொண்டான்.

"இது யாரு காசுண்ணா?" என்றான் காதோடு.

"போய்க் குழாய்ல குடிச்சுட்டு வா," என்றார் பிரகாசம். "வாய நல்லாக் கொப்புளிச்சிக்க. முனிலட்சுமிக்கு அடுத்து உன் பேருதான்."