நான் பார்த்ததாகச் சொன்ன பூ

சனிக்கிழமை மதியம் மனைவி வருகிறாள். வியாழக்கிழமை காலை அவளுடைய செடி நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டத்தில் பூக்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டு மாதமாக வாயே திறக்காத ஐரிஸ் செடிகள் அந்த வாரம்தான் ஒன்றன்பின் ஒன்றாகப் பூக்க ஆரம்பித்திருந்தன. ஒவ்வொன்றும் விரியும்போது எனக்குப் பயமாக இருந்தது.

பூவைப் பார்த்து ஒரு மனுஷன் பயப்படுவானா என்று கேட்பீர்கள். நான் பயந்தேன். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மூடி மறைத்து எனக்கு இனி ஆகப்போவது ஒன்றுமில்லை.

எனக்குப் பெயிண்ட் கடையில் வேலை. இருபத்தாறு வருடமாகக் கலர் கலக்குகிறேன். சுவரிலிருந்து பெயர்த்த நகத்தளவு துண்டைக் கொடுத்தால் போதும், மெஷின் சொல்வதற்கு முன்னால் நான் நிறத்தின் நம்பரைச் சொல்லிவிடுவேன். தெருவில் எனக்கு ‘ஷேடு கார்டு’, அதாவது நிற மாதிரி அட்டை, என்றே பெயர். மனைவி ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தவள். பெயர் ஒட்டாத குப்பியைக் கீழே வைக்க மாட்டாள். எங்கள் வீட்டுச் சர்க்கரை டப்பாவில்கூடத் தேதி இருக்கும்.

அவளுக்கு ஐரிஸ் பைத்தியம். கத்தி கத்தியாக நிமிர்ந்து நிற்கும் இலை. பூவில் மூன்று இதழ் மேலே குவிந்திருக்கும், மூன்று கீழே தொங்கும். தொங்குகிற ஒவ்வொன்றின் நடுவிலும் கம்பளிப்பூச்சி படுத்திருப்பதுபோல் ஒரு பட்டை. அதைத் தாடி என்பாள். வருடத்தில் இரண்டு வாரம் பூக்கும், மீதி ஐம்பது வாரம் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இதற்கு ஏன் இத்தனை பாடு என்று எனக்கு விளங்கியதே இல்லை, விளங்கியதுபோல் தலையாட்டியிருக்கிறேன்.

பதினோரு வகை வைத்திருந்தாள். பன்னிரண்டாவதை அவளே உண்டாக்கினாள். கரும்பழுப்புப் பூவின் மகரந்தத்தைச் சின்ன இடுக்கியால் எடுத்து வெளிர்நீலப் பூவில் தடவி, காய் முற்றும்வரை துணி கட்டிக் காத்து, விதை போட்டாள். பிழைத்தது ஒரே ஒரு நாற்று.

“இது நம்ம செடி. உலகத்துல வேற எங்கயும் கிடையாது,” என்றாள்.

மூன்று வருடம் கழித்து அது ஒரே ஒரு மொட்டு விட்டது. அந்த வாரம் பார்த்து லேபில் அவளை மூன்று நாள் பயிற்சிக்கு வெளியூர் அனுப்பிவிட்டார்கள்.

“நாளைக்குக் காலையில விரிஞ்சிடும். மறக்காம போய்ப் பாத்துட்டு எனக்குச் சொல்லணும். போட்டோ எடுங்க,” என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனாள். நான் சரி சரி என்றேன்.

மறுநாள் கடைக்குச் சரக்கு லாரி சீக்கிரமே வந்துவிட்டது. ஓடினேன், பூ ஞாபகமே இல்லை. மத்தியானம் போன் வந்தது.

“விரிஞ்சுதா?”

“விரிஞ்சுது.”

“என்ன கலர்?”

என் முன்னால் ஒரு டின் திறந்திருந்தது. அதில் வெளிர்நீலம். “வெளிர்நீலம். மஞ்சள் தாடி,” என்றேன். தாடி மட்டும் என் சொந்தச் சரக்கு.

“அப்போ அம்மா ஜாடை,” என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம், போட்டோவும் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன், சத்தியமாக. நாலு மணிக்கு ஆலங்கட்டி மழை கொட்டியது. வீட்டுக்கு வந்தால் தண்டு முறிந்து கிடக்கிறது, பூ சேற்றில் கூழாகிவிட்டது. அதில் சேற்றின் நிறம்தான் இருந்தது. போனில் சொன்னேன். “பூ முழுசாப் போச்சா?” என்று கேட்டாள். பிறகு, “நல்ல வேளை, நீங்களாவது பாத்தீங்க,” என்றாள்.

அதற்கப்புறம் எந்த வாயால் உண்மையைச் சொல்வது?

அதன்பின் அந்தச் செடி பூக்கவே இல்லை. குட்டி போட்டுக் குட்டி போட்டு நெருக்கியடித்துக்கொண்டு வெறும் இலையாக நின்றது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், “வெளிர்நீலம், மஞ்சள் தாடி. இவர் பாத்திருக்காரு,” என்பாள். நான் கலர்க்காரன் என்பதால் ஒருவரும் சந்தேகப்படவில்லை. ஒருநாள், “அதே நீலத்தை நம்ம ரூம் சுவத்துக்கு அடிச்சுக் குடுங்களேன்,” என்றாள். அடித்துக் கொடுத்தேன், இரண்டு கோட். மூன்று வருடமாக அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் தினமும் கண் விழிக்கிறேன்.

போன வருடம் மகளுக்கு வயிற்றில் இரட்டை என்று தெரிந்தது. படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட, மனைவி மகள் வீட்டுக்கு மூட்டை கட்டினாள். போவதற்கு முன் ஒவ்வொரு செடியின் இலையிலும் அழியாத மார்க்கரால் பெயர் எழுதினாள். மண்ணுக்கடியில் இருக்கிற கிழங்கைத் துண்டு போட்டாலும் துண்டோடு பெயர் கூடவே போகும் அல்லவா, அதற்காக. ஒரு தாளில் வரிசையாகக் குறிப்பும் எழுதி வைத்தாள். நெருக்கம் குறையச் செடிகளைத் தோண்ட வேண்டும், பழைய கிழங்கை எறிந்துவிட்டு இளசைப் பிரிக்க வேண்டும், பெயர்க்குச்சியோடு கிழங்கின் முதுகில் வெயில் படும்படி மேலாக நட வேண்டும், கடைசியில் இலையை ஒரு சாண் விட்டு வெட்ட வேண்டும்.

எங்கள் தொழிலில் சுரண்டுவதும் நறுக்குவதும்தான் முதல் வேலை. சுத்தம் செய்யாமல் பிரஷ்ஷைத் தொட மாட்டோம். அந்தப் பழக்கத்தில் கத்தரியை எடுத்து எல்லா இலையையும் முதலில் அழகாக ஒரு சாணுக்கு வெட்டித் தள்ளிவிட்டுத்தான் மண்வெட்டியைத் தொட்டேன். பாதிச் செடிகளைத் தோண்டிய பிறகுதான் உறைத்தது. பெயரெல்லாம் வெட்டிய நுனியோடு குப்பைக்குழிக்குப் போயிருந்தது. குழியில் இறங்கி ஒவ்வொரு இலையாகப் பொறுக்கினேன். பன்னிரண்டு பெயரும் கையில் இருந்தன. எந்தப் பெயர் எந்த மொட்டைக்கு என்றுதான் தெரியவில்லை.

அவளிடம் சொல்லவில்லை. நட்டேன். மிஞ்சியதை எதிர்வீட்டு எலக்ட்ரீஷியனுக்கும் மூலைவீட்டுப் பல் டாக்டரம்மாவுக்கும் கொடுத்தேன். பூத்தால் தெரிந்துவிடப் போகிறது, நோட்டில்தான் ஒவ்வொன்றின் நிறமும் எழுதியிருக்கிறாளே என்று தைரியம். பன்னிரண்டாவது பக்கத்தைத் திருப்பியபோதுதான் அந்தத் தைரியம் போயிற்று. அதில் அவள் கையெழுத்தில், ‘வெளிர்நீலம், மஞ்சள் தாடி, இவர் பார்த்தது’ என்று இருந்தது.

வியாழக்கிழமைக் கணக்குப்படி பத்து வகை நோட்டோடு ஒத்துப்போயின. அந்த வெளிர்நீலத் தாய்ச்செடியையும் அவள் உண்டாக்கினதையும் காணோம். மூலையில் தண்ணீர்க் குழாய்க்கு அடியில் ஒரு மொட்டு கருகினாற்போல் நின்றது. அது தேறாது என்று விட்டுவிட்டேன்.

எலக்ட்ரீஷியன் வீட்டுக்குப் போனேன். ஒரு பூ இல்லை, இலை மட்டும் மதமதவென்று இருந்தது.

“எவ்வளவு ஆழத்துல வச்சீங்க?”

“ஒன்றரை அடி சார். எர்த் பைப் மாதிரி. ஆழமா போனாத்தானே ஸ்ட்ராங்கு?” என்றார் பெருமையாக. அவரிடம் என்ன பேசுவது, திரும்பிவிட்டேன்.

பல் டாக்டரம்மா வீட்டு வாசலில் காலை வைத்ததும் நின்றுவிட்டேன். வெளிர்நீலம். என் டின்னில் இருந்த அதே நீலம். குனிந்து தாடியைப் பார்த்தேன். தாய்ச்செடிக்கு வெள்ளைத் தாடி என்று நோட்டு சொல்கிறது. இதுவோ அடியில் மஞ்சளாக, நுனியில் வெள்ளையாக இருந்தது. இது அம்மாவா, மகளா? வாய்க்கு வந்ததைச் சொன்னேனே, அது பலித்துவிட்டதா? ஒருவேளை அன்று காலை கடைக்கு ஓடுகிற ஓட்டத்தில் நான் நிஜமாகவே பார்த்திருப்பேனோ? ஒன்றுமே புரியவில்லை. ஒரு பொய்யை மூன்று வருடம் சொன்னால் சொன்னவனுக்கே அது ஞாபகம்போல் ஆகிவிடுகிறது.

டாக்டரம்மா உள்ளே போய், பல் நிறம் பார்க்கிற பட்டையை எடுத்து வந்து தாடிக்குப் பக்கத்தில் பிடித்தார். “வெள்ளைதான் சார். எல்லாப் பல்லும் அடியில கொஞ்சம் மஞ்சளாத்தான் இருக்கும்,” என்றார்.

அப்படியானால் இது அம்மாச் செடி. கேட்டு வாங்கி, வேரோடும் மண்ணோடும் வாளியில் வைத்துக் கொண்டுவந்தேன். ஏன் வாங்கினேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதை வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் நட்டபோது என் எண்ணம் எனக்கே தெளிவாகத் தெரிந்தது. அம்மாவைக் காட்டி மகள் என்று சொல்லிவிடப் போகிறேன்.

சனிக்கிழமை காலை தண்ணீர் விடப் போனால், குழாயடியில் கருகினது என்று விட்டுவைத்த மொட்டு விரிந்திருந்தது.

நோட்டை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை புரட்டினேன், அப்படி ஒரு பூ அதில் இல்லை. உள்ளே போய் ஷேடு கார்டை எடுத்து வந்தேன். பழுப்பு வரிசையில் வைத்தேன், சேரவில்லை. ஊதாவில் வைத்தேன், சேரவில்லை. நோய் பிடித்த பூவோ என்று கசக்கிப் பார்க்கக் கை போனது, இழுத்துக்கொண்டேன். பத்து மணிக்கு ஒரு நிறமாக இருந்தது, பன்னிரண்டு மணிக்கு வேறாக இருந்தது. இருபத்தாறு வருட அனுபவத்தை அது ஒரு காசுக்கு மதிக்கவில்லை.

டாக்சி வந்து நின்றது. அவள் பெட்டியைக்கூட உள்ளே வைக்கவில்லை. வாசலிலிருந்தே நீலத்தைப் பார்த்துவிட்டாள். செருப்போடு மண்ணில் நடந்து போய் அதன் முன்னால் நின்றாள்.

“இதானா?” என்றாள்.

தலையாட்டினால் போதும். என் கழுத்துக்கு அது பழகின வேலை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் அந்தத் தாடியைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவாள். பார்க்காமல் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“இல்ல. இது அம்மாச் செடி. அன்னைக்கு நான் பூவைப் பாக்கவே இல்ல.”

“எந்த அன்னைக்கு?”

“ஆலங்கட்டி விழுந்த அன்னைக்கு. காலையில மறந்துட்டேன். நீ போன்ல கேட்டப்போ டின்ல என்ன இருந்துச்சோ அதைச் சொன்னேன்.”

அவள் கவிழ்ந்து கிடந்த வாளிமேல் உட்கார்ந்தாள். செருப்பில் ஒட்டின மண்ணைத் தட்டினாள்.

“அப்போ நம்ம ரூம் சுவரு?”

“அதே டின் நம்பர்தான்.”

“போன மாசம் மூக்குக்கண்ணாடி மாத்தினேன், வீடியோவில காட்டினேன். நல்லாருக்குன்னீங்க. பாத்தீங்களா?”

“பாத்தேன்னு நினைக்கிறேன்.”

“நம்ம ரூம் ஜன்னல் திரைத்துணி?”

திரைத்துணி என்ன நிறம் என்று அந்த நேரத்தில் எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அவளுக்கும் அது தெரிந்துவிட்டது.

“பேரனுங்கள்ல சின்னவனுக்கு உங்க மூக்குன்னு சொன்னீங்களே. அதுவாவது பாத்துட்டுச் சொன்னதா?”

“அது பாத்தேன். அது நிஜம்,” என்றேன். சொல்லும்போதே, பெரியவனா சின்னவனா என்று குழம்பிவிட்டது. முப்பது வருடமாக இந்த வீட்டில் நல்லாருக்கு, நல்லாருக்கு என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அதில் எதைப் பார்த்துச் சொன்னேன், எதைப் பார்க்காமல் சொன்னேன் என்று பிரித்தெடுக்க என்னால் முடியவில்லை. அழுகை வந்தது. அழுதால் அதையும் நம்ப மாட்டாளே என்று அடக்கிக்கொண்டேன்.

“செடி இருக்கா, அதுவும் போச்சா?”

“இருக்கு. இன்னைக்குக் காலையில விரிஞ்சுது. குழாய்கிட்ட. அதுவாத்தான் இருக்கணும்.”

அவள் எழுந்து ஓடுவாள் என்று நினைத்தேன். அவளோ வாளியோடு திரும்பி, குழாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மடியில் கைப்பையை வைத்துக்கொண்டாள்.

“போங்க. போய்ப் பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க. நான் இப்ப அந்த வெளியூர் ட்ரெயினிங்ல இருக்கேன்.”

“நீயே வந்து...”

“போங்க.”

போனேன். ஷேடு கார்டைச் சட்டைப் பையிலேயே விட்டுவிட்டு, முட்டி போட்டு உட்கார்ந்தேன்.

“விரிஞ்சுதா?” என்று முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“விரிஞ்சுது.”

“என்ன கலர்?”

பார்த்தேன். “தெரியல. மேல இருக்கிற இதழ் ஆறிப்போன டீ மாதிரி இருக்கு. இல்ல, வெயில் பட்டா டீ இல்ல, உள்ள ஏதோ ஊதா ஓடுது. ஓரத்துல ஒரு நூல் கனத்துக்கு நீலம் இருக்கு, அது உன் அம்மாச் செடி நீலம்தான். கீழ் இதழ்ல நரம்பு நரம்பா இருக்கு. ஒரு இதழ்ல ஏதோ கடிச்சிருக்கு. அழகான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல.”

“அழகான்னு நான் கேக்கலையே. தாடி?”

இன்னும் குனிந்தேன். மூக்கு இதழில் இடித்தது.

“மஞ்சள் இல்ல,” என்றேன். “கொஞ்சம் இரு. இன்னும் பாத்துக்கிட்டிருக்கேன்.”

“பாருங்க,” என்றாள். அவள் திரும்பவில்லை.